ஒத்திகை நேரத்துக்கும் காட்சி நேர வாடகையா?

கொழும்பிலுள்ள பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் பதிவாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் அரங்க மண்டபங்களை வாடகைக்குப் பெற்றுத் தமிழ் நாடகங்களையும் குறும்படத் திரையிடல்களையும் நடத்திவரும் சிறு குழுவொன்றின் சார்பில் எழுதுகிறேன். மேடையை ஆயத்தப்படுத்தும் நேரத்துக்கும் பார்வையாளர் அமர்ந்திருக்கும் நேரத்துக்கும் ஒரே வாடகையை அறவிடாதீர்கள் என்பதே எங்கள் முதன்மையான வேண்டுகோள்.

விரிவுரைக்கு ஒலிவாங்கியைச் சரிபார்த்தால் போதும். திரையிடலுக்குச் சற்றுக் கூடுதல் வேலை: பிற்பகலில் படம் என்றால் யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்ட வேண்டும், கடைசி வரிசையில் இருந்து ஒலியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நாடகத்தின் கதையே வேறு. ஒருவர் ஏணியில் நின்று, சூடேறிய விளக்கைத் துணி சுற்றிய கையால் திருப்புவார். கீழே நடிகர் தன் இடத்தில் அசையாமல் நிற்பார். நெறியாளர் மண்டபத்தின் நடுவிலிருந்து "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்பார். ஒவ்வொரு விளக்குக்கும் இதே பாடுதான். கூத்தென்றால் மேடைத் தளத்தையும் பார்த்தாக வேண்டும். பலகையில் அதிர்ந்தெழும் கால்மிதி, கம்பளம் விரித்த மேடையில் அமுங்கிவிடும். ஆட்டக்காரர் முன்கூட்டியே ஏறி ஆடிப் பார்க்காமல் அதைச் சீர்செய்ய வழியில்லை.

ஒரு மண்டபத்தில் எங்களிடம் முந்திய நாள் மாலைக்கும் முழு வாடகை கேட்டார்கள். கட்ட வசதியில்லாமல் காட்சியன்று காலையில்தான் மேடையேறினோம். நாடகத்தின் இரண்டாம் காட்சி முழுவதும் தாய் வேடமிட்டவரின் முகம் இருளில் கிடந்தது. டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு அது நியாயமே இல்லை.

மின்கட்டணமும் ஊழியர்களின் மேலதிக நேரக் கொடுப்பனவும் உங்களுக்குச் செலவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒத்திகையின்போது மண்டபம் முழுவதும் குளிரூட்டி ஓட வேண்டியதில்லை, வாசலில் பணியாளர் நிற்க வேண்டியதில்லை. மேடை விளக்குகளும் ஒரு மின்பணியாளரும் போதும். அந்தச் செலவை முழுமையாகத் தருகிறோம். அதற்கு மேல் வாங்குவதைத்தான் தாங்க முடியவில்லை.

நூல் வெளியீட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மண்டபங்கள் உண்டு. ஒளியமைப்புக்கு வசதியான மேடைகள் சிலவே, அவற்றுக்குப் போட்டியும் அதிகம். இந்நாட்டில் நாடகம் வளர்ந்ததில் பல்கலைக்கழகங்களின் பங்கு பெரிது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உருவான, எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' என்ற சிங்கள நாடகம் 1956இல் முதலில் மேடையேறியது கொழும்பு லயனல் வென்ட் அரங்கில்தான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே பேராதனையில் நாட்டுக்கூத்தை நவீன மேடைக்கேற்பச் செம்மைப்படுத்தினார். அந்த முயற்சிகளெல்லாம் நீண்ட ஒத்திகையில் பிறந்தவை. வளாகத்துக்கு வெளியே இருக்கும் எங்களுக்கும் அதில் சிறு பங்கு கிடைக்கட்டும்.

விண்ணப்பப் படிவத்தைத் தமிழிலும் தாருங்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கிராமத்திலிருந்து வரும், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தன் கூத்துக்கான மண்டபத்தைக் கேட்க இன்னொருவரை எழுதித்தரச் சொல்லி நிற்கக்கூடாது.

அடுத்த கட்டணப் பட்டியலைத் தயாரிக்கும் கூட்டத்துக்கு எங்களில் இருவரை அழையுங்கள். எந்த மணிக்கு எந்தக் கருவி, எத்தனை பேர் என்று எழுதிய வேலை அட்டவணையுடன் வருகிறோம்.

இப்படிக்கு,
கொழும்புச் சிறு நாடகக் குழுவொன்றின் நெறியாளர்