சாளக்கிராமமும் சார்மவுத் கடற்கரையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புள்ளைங்கள கூட்டிட்டு இங்கிலாந்து போற நம்ம ஆளுங்க லண்டன் பிரிட்ஜ், பிக் பென்னுன்னு பாத்துட்டு திரும்பிடறாங்க, ஆனா தெக்கால டோர்செட்ல சார்மவுத், லைம் ரீஜிஸ்னு ரெண்டு ஊரு இருக்கு, அந்த பீச்ல குனிஞ்சு தேடினா பத்தொம்பது கோடி வருசத்துக்கு முந்தின அம்மோனைட் கையில கிடைக்கும், அதாவது அழிஞ்சு போன ஒரு கடல் உயிரு கல்லா மாறின புதைபடிவம்! நத்தை மாதிரி சுருண்ட ஓடு, ஆனா நத்தை இல்ல, கணவாய்க்குத்தான் சொந்தம். சிலது பைரைட்டுங்கற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமா மாறி தங்கம் மாதிரி மினுங்கும், நல்ல தண்ணில கழுவி காய வைக்கலன்னா நாளாக நாளாக பொடிஞ்சிடும்.

2001லயே உலக பாரம்பரிய இடமா அறிவிச்சும் அங்க பொறுக்க தடை இல்லைங்க. கீழ உதிர்ந்து கிடக்கறத எடுக்கலாம், முக்கியமானது கிடைச்சா பதிவு பண்ணனும், அவ்ளோதான். எடுக்கலன்னா கடலே அரைச்சு மணலாக்கிடும்ல. ஆனா பாறைச்சரிவு கிட்ட மட்டும் போகவே கூடாது, திடீர்னு இடிஞ்சு விழும். அலை ஏறுற டைம் பாக்காம போனா மாட்டிக்குவீங்க. குளிர்காலப் புயலுக்கு அப்புறம் போனா நிறைய கிடைக்கும் (குளிருதான் தாங்காது).

அந்த லைம் ரீஜிஸ்லதான் மேரி ஆனிங், 1799ல பொறந்தவங்க, ஏழை தச்சர் பொண்ணு, இதையெல்லாம் பொறுக்கி வித்தே குடும்பத்த காப்பாத்தினாங்க, பெண்ணுன்னு ஜியாலஜிகல் சொசைட்டிங்கற நிலவியல் அறிஞர்கள் சங்கத்துல சேத்துக்கவே இல்ல.

இன்னொன்னு, நம்ம பூஜை ரூம்ல இருக்கற சாளக்கிராமத்துல சக்கரம் தெரியுதே, அதுல பலதும் நேபாளத்து கண்டகி நதில கிடைக்கிற ஜுராசிக் (டைனோசர் வாழ்ந்த) காலத்து அம்மோனைட்தான். உங்க சிறுவர் பக்கத்துல இத ஒரு தடவ படத்தோட போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்