மதிப்பெண் இல்லாத ஒரு மேடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலையில் கருகிப்போன செவிலியர்கள், ஆசிரியர்கள், கால்சென்டர் பிள்ளைகள் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் தூக்கம், தியானம், விடுப்பு என்று சொல்லி முடிந்துவிடுகின்றன. மூன்றும் நல்லவைதான். ஆனால் மூன்றும் ஆளைத் தனியே உட்காரவைப்பவை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இந்தக் கருகலை, அதாவது பர்ன்-அவுட்டை, நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாக வரையறுத்தபோது மூன்று அடையாளங்கள் சொன்னது: தெம்பு வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப் போவது அல்லது எதைப் பார்த்தாலும் எகத்தாளம் வருவது, நம்மால் ஒன்றும் உருப்படியாக ஆகாது என்று தோன்றுவது. முதலாவதற்கு ஓய்வு உதவும். மற்ற இரண்டும் கரைய எதிரே இன்னொரு மனிதர் வேண்டும், அவரோடு சிரிக்கவும் வேண்டும் என்பது நாடகப் பயிற்சி நடத்தும் எங்கள் கருத்து.

டர்பனில் நமக்கு மேடைக்குப் பஞ்சமில்லை. ஐஸ்டெட்ஃபாட் என்ற கலைப் போட்டி மதிப்பெண்ணுக்கு. திருவிழா மேடை நேர்த்திக்கு. சும்மா விளையாட இடமில்லை. கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து வந்த தெருக்கூத்தில், இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்கிறோமே, அதில் அந்த இடம் கட்டியங்காரன் என்ற கோமாளியுடையது. திரைக்குப் பின்னால் ராஜா கம்பீரமாகப் பாட, இவன் ‘யாருய்யா நீ, எந்த ஊரு?’ என்று மடக்குவான். கூட்டத்தில் தூங்குகிறவரை எழுப்பி வம்புக்கு இழுப்பான். அதில் பாதி அந்த நேரத்தில் வாயில் வந்தது. அந்தப் பாதியை மட்டும் எடுத்து, கோயில் மண்டபங்களில் வாரம் ஒரு மாலை நடத்தலாம்.

10 முதல் 14 பேர் சரியான அளவு. 8-க்குக் கீழே போனால் ஒவ்வொருவர் மேலும் பார்வை அதிகமாக விழுந்து உடம்பு இறுகும். 16-ஐத் தாண்டினால் முறை வருவதற்குள் கைபேசி வெளியே வந்துவிடும். மொத்தம் 90 நிமிடம். மண்டபத்தில் 200 நாற்காலி இருந்தாலும் 20-ஐ மட்டும் அரைவட்டமாகப் போட்டு, மற்றதை அடுக்கி வையுங்கள். காலி நாற்காலி ஆடுகிறவரின் தைரியத்தைத் தின்றுவிடும். மைக் வேண்டாம். மின்விசிறியைக் குறைத்தால் குரல் கேட்கும். மின்வெட்டு வந்தாலும் இரண்டு எமர்ஜென்சி விளக்கு போதும். வடையும் தேநீரும் முடிந்த பிறகுதான். முன்னால் வைத்தால் தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

தொடக்கத்தில் கண்ணாடி ஆட்டம். இரண்டிரண்டு பேராக, ஒரு கை நீள இடைவெளியில் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் கையை அசைப்பார், மற்றவர் அதை அப்படியே காட்டுவார். எல்லோரும் செய்யும் தவறு வேகம். வேகமாக அசைத்தால் எதிரே இருப்பவர் தோற்பார், உடனே அது போட்டியாகிவிடும். தண்ணீருக்குள் கை நகர்கிற மாதிரி நகர வேண்டும். கையைப் பார்க்கக் கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும். கை ஓரப்பார்வையில் தானாகத் தெரியும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை தலைமை மாறும். மூன்றாம் சுற்றில் யார் தலைவர் என்று சொல்லாமலே ஆடுவார்கள். பார்க்கிறவருக்கு யார் யாரைப் பின்பற்றுகிறார் என்று பிடிபடவில்லை என்றால் அந்த ஜோடி ஆட்டத்துக்குத் தயாராகிவிட்டது.

அடுத்தது கட்டியங்காரன். இரண்டு பேர் பழைய வேட்டியைத் திரையாகப் பிடிப்பார்கள். பின்னால் நிற்பவர் கையில் ஒரு சீட்டு: ‘மழையில் நனைந்த மகாராஜா’, ‘கடன்காரனுக்குப் பயந்த பீமன்’. கட்டியங்காரன் கேட்கும் கேள்விக்கு ராஜா என்ன சொன்னாலும் இவன் மறுக்கக் கூடாது, ‘ஆமாம், அப்புறம்?’ என்று ஏற்று ஒன்று சேர்க்க வேண்டும். மறுத்தால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும், அடுத்தவர் வாயே திறக்கமாட்டார். ஒரு காட்சி 3 நிமிடம். நன்றாகப் போகும்போதே கைதட்டி நிறுத்துங்கள். தமிழ் சரளமாக வராத இளையவர்களுக்குப் பிதற்றல் சுற்று: ஒருவர் அர்த்தமில்லாத ஓசையில் முழங்க, பக்கத்தில் நிற்பவர் தமிழிலோ இங்கிலீஷிலோ ‘மொழிபெயர்ப்பார்’. பாட்டியும் பேரனும் சமமாக நிற்கிற இடம் இது.

கெடுவது எங்கே என்றால், நடத்துபவர் ‘எங்கே, சிரிக்க வையுங்கள் பார்ப்போம்’ என்று சொல்லும்போது. கேட்டதும் எல்லோருடைய தோளும் ஏறிவிடும். அடுத்த ஆபத்து நகைச்சுவைக்காரர்: உடல், நிறம், உச்சரிப்பு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் கிண்டலுக்கு எடுப்பார். கட்டியங்காரன் கிண்டல் ராஜாவை நோக்கித்தான், எளியவரை நோக்கி அல்ல என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தலைமையாசிரியரையும் அவர் கீழ் வேலை செய்பவர்களையும் ஒரே வட்டத்தில் நிறுத்தாதீர்கள். சிரிப்பு அனுமதி கேட்டு வரும். வீடியோவும் கூடாது. ஒரு கைபேசி உயர்ந்தால் பத்துப் பேர் நடிகர்களாகிவிடுவார்கள்.

மிகவும் ஓய்ந்து வருபவரை நடுவே தள்ள வேண்டாம். முதல் வாரம் தாளம் போடட்டும், அடுத்த வாரம் வேட்டி பிடிக்கட்டும். வேட்டி பிடித்தவர் தானே ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பிப்பார். எத்தனையாவது வாரம் என்பதை அவரே முடிவு செய்வார். தூக்கமே வராதவரும், வாழப் பிடிக்கவில்லை என்பவரும் வேறு. அவர்கள் மருத்துவரிடம்தான் போக வேண்டும். மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் தென்னாப்பிரிக்க அமைப்பான சடாக்கின் (SADAG) உதவித் தொலைபேசியும் இருக்கிறது. இதை மருந்து என்று யாரும் விற்கக் கூடாது.

மண்டபக் குழுக்களுக்கு ஒரு கேள்வி: வாரநாள் மாலையில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்துக்கு, இதற்கும் கல்யாண வாடகைதான் கேட்கப்போகிறீர்களா? விளக்குச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவில் கோப்பையும் சான்றிதழும் தருகிறோம் என்று மட்டும் முன்வந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நாடகப் பயிற்சியாளர்கள் இருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.