கழுகுமலைப் பயணம்: எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரும் சனிக்கிழமை கழுகுமலைக்கு அழைத்துப் போகிறோம். அடிவாரத்து முருகன் கோயிலுக்கு உங்களில் பலர் குடும்பத்தோடு போயிருப்பீர்கள். இந்த முறை மலைமேல் இருக்கும் வெட்டுவான் கோயிலைப் பார்க்கத்தான் முக்கியமாகப் போகிறோம்.

அது கல்லை அடுக்கிக் கட்டியதல்ல. 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையைச் சுற்றிலும் வெட்டி, ஏறத்தாழ 7.5 மீட்டர் ஆழம் இறங்கி, மேலிருந்து கீழாகச் செதுக்கியது. அதனால் சிகரம் நகை மாதிரி முடிந்திருக்கிறது. அடிப்பகுதி இன்னும் வெறும் பாறை. வேலை பாதியில் நின்றதால்தான் அது எப்படி நடந்தது என்று நமக்குத் தெரிகிறது. பாடப்புத்தகத்தில் நான் பத்துப் பக்கம் நடத்தினாலும் இது புரியாது, உளித்தடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். கருவறைக்கு மேலே எழும் விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருப்பார். ஆலமரத்தடியில் மௌனமாக உட்கார்ந்திருப்பவரை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு அது ஆச்சரியம்தான்.

அப்பா சிற்பி பொறாமையில் மகன் சிற்பியைக் கொன்றதால் வேலை நின்றது என்று ஊரில் ஒரு கதை உண்டு. தாராளமாகச் சொல்லி அனுப்புங்கள், கதை என்றே சொல்லுங்கள்.

அதே மலையில் சமண சமயத்தின் குருமார்களான தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கீழே வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து முறை. தமிழாசிரியை நாலு எழுத்தாவது அடையாளம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்றை மட்டும் வீட்டில் அழுத்திச் சொல்லுங்கள். முன்பு வேறொரு கோயிலுக்குப் போனபோது நம் மாணவன் ஒருவன் தூணில் கரித்துண்டால் பெயர் எழுதிவிட்டான். ஈரத்துணியால் துடைக்கப் போய்க் கறை இன்னும் பரவியது. கூனிக் குறுகி நின்றது நான்தான். சுவரில் கையே வைக்கக் கூடாது.

பேருந்து காலை 6 மணிக்குக் கிளம்பும். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது, அதனால் தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருக்க மாட்டோம். தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், புளிசாதம் போதும். செல்போன் வேண்டாம். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் என்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மருந்தையும் பையில் வையுங்கள்.

சம்மதப் படிவம் வியாழக்கிழமைக்குள் வர வேண்டும். அப்புறம், பணம் கட்டச் சிரமம் இருந்தால் என்னிடம் நேரில் சொல்லுங்கள். அதற்காக ஒரு பிள்ளையும் நின்றுவிடக் கூடாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்