சுகர் டாக்டர்களுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும்: காலு, கண்ணு பாத்தாச்சு, ஞாபகசக்தியவும் ஒரு தடவ பாருங்க

மதுரையிலயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் சுகர் பாக்குற டாக்டர் ஐயா, டாக்டரம்மா எல்லாருக்கும், மாவட்டத்துல சுகாதாரத்த கவனிக்கிற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கேக்க வந்தத மொதல்லயே கேட்டுர்றேன், ஏன்னா ஓபியில உங்க முன்னாடி உக்காந்தா ரெண்டு நிமிசத்துல அடுத்த டோக்கன கூப்புட்டுர்றாக, அந்தப் பழக்கம். 65 வயச தாண்டுன சுகர் பேஷண்ட் ஒவ்வொருத்தருக்கும் வருசத்துக்கு ஒரு தடவயாச்சும் ஞாபகசக்தி டெஸ்ட் பண்ணுங்க, பண்ணத நோட்டுல எழுதுங்க, கூட வந்தவுககிட்ட சொல்லுங்க. அம்புட்டுத்தான்.

சுகருக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்னு நான் உங்களுக்கு பாடம் எடுக்க வரல. கண்ணுலயும் கிட்னியிலயும் சின்னச் சின்ன ரத்தக்குழாய சுகர் எப்புடி கெடுக்குதோ அதே வேலைய மூளையிலயும் பாக்கும்னு நீங்க படிச்சுட்டுத்தான வந்துருக்கீக. டிமென்ஷியான்ற மறதி நோய் வராம தடுக்க இல்லாட்டி தள்ளிப்போட நம்ம கையில இருக்குற விசயம்னு 2024-ல லான்செட் மருத்துவ பத்திரிகையோட நிபுணர் கமிஷன் 14 சொல்லுச்சு, அதுல சுகரும் ஒண்ணு. 65 வயசுக்கு மேல உள்ளவுகளுக்கு வருசா வருசம் இத பாக்கணும்னு அமெரிக்க டயாபட்டீஸ் அசோசியேஷன் வழிகாட்டுதல்லயே எழுதி வச்சிருக்கு. 2023-ல வந்த ஐசிஎம்ஆர்ன்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்குல நாட்டுல 10 கோடி பேருக்கு சுகர், தமிழ்நாட்டுல பெரிய ஆளுகள்ல நூத்துக்கு 14 பேருக்கு. இது பூராம் தெரிஞ்சவுக நீங்கன்றதாலதான் கோவமே வருது, தெரியாதவுகன்னா விட்டுறலாம்.

எங்க அப்பா பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஆரப்பாளையத்துல இருந்து தேனி ரூட்டு. செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டின்னு எந்த ஸ்டேஜுக்கு அப்ப என்ன சார்ஜுன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவாரு. அதுதான் பிரச்சனையே. டாக்டர் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் "என்ன சார், தேனிப் பக்கம் போனா நம்ம பஸ்லதான போயிருப்பீக"ன்னு கலகலன்னு பேசுவாரு, பெருசு நல்லாத்தான இருக்காருன்னு சீட்ட எழுதி அனுப்பிருவாக. பழசு பூராம் இருக்கு, காலையில மாத்திரை போட்டமா இல்லயான்றதுதான் இல்ல. சுகரோட வர்ற மறதியில நெறய பேருக்கு மொதல்ல அடிவாங்குறது பேரு ஊரு ஞாபகம் இல்ல, ஒரு வேலைய வரிசையா யோசிச்சு செய்யிறதும் அந்த வேகமும்தான். அது ரெண்டு நிமிசப் பேச்சுல எங்க தெரியப்போகுது.

"மாத்திரை கரெக்டா போடுறீகளா?" "போடுறேன் சார்." இதான் ஒவ்வொரு மாசமும். அவரு பொய் சொல்லல, போட்டதாத்தான் அவரு நெனப்பு. யாருக்கு ஞாபகம் நிக்கலயோ அவுகளயே சாட்சிக்கு கூப்புட்டு வாக்குமூலம் வாங்கி அதவச்சு மருந்து எழுதுனா எப்புடிங்க?

போன மாசம் ஒரு நா ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற, சுகர எறக்குற கிளிமிபிரைடு மாத்திரைய ஒருக்கா போட்டுருக்காரு, கொஞ்ச நேரத்துல மறந்து இன்னொருக்கா போட்டுருக்காரு, அப்பறம் சாப்புட்டாச்சுன்னு நெனச்சு சாப்புடாமயே படுத்துட்டாரு. அம்மா முழிச்சுப் பாக்கும்போது பனியன் தொப்பலா நனைஞ்சு கெடக்கு, பேச்சு கொழறுது, சீனித்தண்ணி குடுக்கப்போன அம்மா கைய தட்டி விடுறாரு, வாயில வச்சத துப்புறாரு. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் தண்ணியப் போட்டுருக்காரான்னு கேட்டாரு, வாழ்நாள்ல அத தொடாத மனுசன பாத்து. 108 வந்து விரல்ல குத்திப் பாத்தா சுகர் 40-க்கும் கீழ. குளுக்கோஸ் ஏத்தி ஆஸ்பத்திரியில வச்சு காப்பாத்துனாக, அதுக்கு கையெடுத்துக் கும்புடுறேன், அத மறக்கல. ஆனா விடிஞ்சதும் வந்த டாக்டர் எங்க அம்மாவ வஞ்சாரு, "மாத்திரைய பாத்துக் குடுக்க மாட்டீகளா"ன்னு. அம்மாவுக்கே 70 வயசு, அவுகளுக்கும் சுகர். டிஸ்சார்ஜ் சீட்டுல லோ சுகர்னு இருந்துச்சு. ஏன் லோ ஆச்சுன்னு ஒரு வரி இல்ல.

கத இதோட முடியல. பயந்துபோன அம்மா மாத்திரைய பாதியா ஒடச்சுக் குடுக்க ஆரம்பிச்சுட்டாக. அடுத்த ஓபியில சுகர் 290. "வாயக் கட்டுங்கய்யா"ன்னு அப்பாவுக்கு ஒரு திட்டு, அதே கிளிமிபிரைட 1 எம்ஜியில இருந்து 2 எம்ஜியா ஏத்தி எழுதியாச்சு. சார், இந்த மாத்திரையிலதான் லோ ஆச்சு, மறந்து ரெண்டு தடவ போட்டுர்றாருன்னு நான் சொல்றேன். "வயசானா மறதி வரத்தாம்மா செய்யும், நீங்கதான் பாத்துக்கணும்"னு பதில். எந்த ஆஸ்பத்திரின்னு எழுதப்போறதில்ல. எங்க போனாலும் இதே பதில்தான் கெடைக்கும்னு உங்களுக்கே தெரியும்.

கண்டுபிடிச்சு மட்டும் என்ன செய்ய, மறதிக்கு மருந்தா இருக்குன்னு சில பேரு கேக்குறீக. மருந்து இல்லன்னே வச்சுக்குவோம். மறதி இருக்குன்னு தெரிஞ்சா சுகர் வைத்தியமே மாறணுமே! மூணு மாச சராசரி சுகர காட்டுற டெஸ்ட்ட (HbA1c) 7-க்குள்ள கொண்டு வந்தே தீரணும்னு இந்த மாதிரி ஆளுகள போட்டு வதைக்க வேணாம், 8-க்குள்ள இருந்தா போதும்னு மேல சொன்ன அதே அமெரிக்க வழிகாட்டுதல்ல இருக்கு. லோ ஆக்குற மாத்திரைய கொறச்சுட்டு அந்த ஆபத்து கம்மியா உள்ளதா, ஒரு நாளைக்கு ஒரு வேளையா மாத்தி எழுதலாம். மெட்ஃபார்மின் வருசக்கணக்கா சாப்புடுறவுகளுக்கு பி12 கொறையும், அதுலயும் மறதி வரும், ஊசி போட்டா தேறவும் வாய்ப்பு இருக்கு. தைராய்டு இருக்கு, மனச்சோர்வு இருக்கு. பாத்தாத்தான இதுல எதுன்னு தெரியும்? பெருசா லோ ஆகுறவுகளுக்கு பின்னாடி டிமென்ஷியா வர்றது கூடுதல், மறதி உள்ளவுகளுக்கு லோ ஆகுறதும் கூடுதல், செக்குமாடு கணக்கா அதுக்குள்ளயே சுத்திட்டு இருக்கோம்.

மாத்திரை குடுக்குற லட்சணம் இன்னொரு பக்கம். அட்டைய கத்திரியால வெட்டி பேரே இல்லாத துண்ட கவர்ல போட்டு மேல 1-0-1னு பேனாவுல எழுதிக் குடுக்குறாக. எங்க அப்பா மாத்திரைய கலர வச்சுத்தான் அடையாளம் பாப்பாரு, அடுத்த மாசம் வேற கம்பெனி, வேற கலர், பழசு மிச்சம் கெடக்கும், புதுசு வேற மாத்திரைன்னு நெனச்சு ரெண்டையும் போடுவாரு.

தனியார் பக்கம் போனா தெருவுக்கு ஒரு சுகர் கிளினிக், அதுல ஒரு பேக்கேஜ். காலுல மிஷின வச்சு உணர்ச்சி இருக்கான்னு பாக்குறாக, கண்ணுக்குள்ள போட்டோ, ஈசிஜி, கிட்னிக்கு யூரின். உள்ளங்கால்ல ஆரம்பிச்சு கண்ணு வரைக்கும் வந்துட்டு அதுக்கு மேல ஒரு சாண் ஏற ஒருத்தருக்கும் மனசு வரல, பில்லு போட மிஷின் இல்லாததாலயோ என்னமோ. நவம்பர் 14 வந்தா சுகர் தினம்னு டீசர்ட்டு போட்டு காலையில நடக்க வைக்கிறீக, நல்ல விசயம், நடக்குறோம். பென்சன் வாங்க வருசா வருசம் ஆளு உயிரோட இருக்காருன்னு சான்று குடுக்கணும், அதுக்கு எங்கள வரிசையில நிக்க வைக்க கவர்மெண்டுக்கு தெரியிது, அந்த ஆளுக்கு இன்னைக்கி என்ன கெழமன்னு தெரியுமான்னு கேக்கத்தான் ஆள் இல்ல.

கோவத்துல எங்கிட்டோ போயிட்டேன், மன்னிச்சுக்கங்க. உங்களுக்கு ஒரு காலையில எத்தன பேரு வர்றாகன்னு வெளிய உக்காந்து பாக்குறவதான் நான். நான் ஸ்கேன் கேக்கல, நரம்பு டாக்டர் கேக்கல. மினி-காக்னு ஒண்ணு இருக்கு, மூணு வார்த்த சொல்றது, கடிகாரம் வரையச் சொல்லி முள்ள வைக்கச் சொல்றது, திரும்ப அந்த மூணையும் கேக்குறது, மூணு நிமிசம். எழுதப் படிக்கத் தெரியாதவுகள வாய்ப்பேச்சாவே சோதிக்கவும் வேற முறைக இருக்கு. இதுல தேறலன்னா அப்பறம் மேற்கொண்டு பாத்துக்கலாம். 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் குடுக்குற தன்னார்வலர் அக்காமாரு இருக்காக, வீட்டுக்குள்ள போன மாத மாத்திரை எம்புட்டு மிச்சம் கெடக்குன்னு கண்ணால பாக்குறது அவுகதான், அவுகளுக்கு இத சொல்லிக்குடுத்து அதுக்கு தனியா சம்பளமும் போட்டுக் குடுங்க, சும்மா இன்னொரு வேலைய தலையில கட்டாம.

அதனால அதிகாரிகள்ட்ட திரும்பவும் பணிவா கேக்குறேன், 65 தாண்டுன சுகர்காரவுகளுக்கு வருசத்துக்கு ஒரு ஞாபகசக்தி டெஸ்ட்டுன்னு ஒரு உத்தரவு போடுங்க, சுகர் நோட்டுல அதுக்குன்னு ஒரு கட்டம் அடிங்க. டாக்டர்கள்ட்ட கேக்குறேன், உத்தரவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். உங்களுக்கு டைம் இல்லன்னா சிஸ்டர்கிட்ட சொல்லிருங்க, வெளிய பிபி பாக்குற எடத்துலயே முடிச்சுட்டு எழுதி எடுத்துட்டு வர்றோம், உள்ள வரும்போது அத ஒருக்கா படிச்சுட்டு மாத்திரை எழுதுங்க. தயவு பண்ணுங்க.

இப்படிக்கு,
செக்கானூரணி பக்கத்துல இருந்து ஒரு கண்டக்டரோட மக