மாப்ளே, உன் மலைக்கு க்ரூஸர் சரிப்படுமா?

பாளையங்கோட்டை

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. வீட்டில் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். சின்னவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தது நல்ல சேதி. 2023-ல் போடிக்கு ரயில் வந்ததும் நல்லதாகப் போயிற்று. லீவு கிடைத்தால் ராத்திரி ஏறிக் காலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். நாம் படிக்கும்போது மதுரையிலிருந்து போடிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஓட்டம் அவளுக்கு இல்லை. இங்கே என் வீட்டுக்காரி, அதாவது உன் தங்கச்சிக்கு, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அவள் இருக்கிறாள் கட்டுக்கு அடங்காமல், வழக்கம்போல.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் வலி தாங்கவில்லை, ஸ்பிளெண்டரைக் கொடுத்துவிட்டு என்னைப் போல ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350 என்ற க்ரூஸரை எடுக்கலாமா, "இந்த வயசுக்கு க்ரூஸர்தான் சொகுசு" என்று பலரும் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அதில் பாதி சரி. மீதிப் பாதியை வண்டி வாங்கியவன்தான் சொல்ல முடியும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் உட்காரும் விதம். ஸ்பிளெண்டரிலும் என் பழைய பல்சரிலும் கால் இடுப்புக்குக் கீழேயே மடங்கியிருக்கும். க்ரூஸரில் பாதம் முன்னால் போய்விடுகிறது. ஹேண்டில் பார் நம்மைத் தேடிப் பின்னால் வருகிறது. சீட்டின் உயரம் 765 மில்லிமீட்டர்தான். நம் உயரத்துக்கு இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படியும். முழங்கால் மடிப்பு நன்றாக விரிவதால் மூட்டு வலிக்கு உண்மையிலேயே ஆறுதல் உண்டு. மணிக்கட்டிலும் பாரம் இல்லை. இதுவரைக்கும் அவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

ஆனால் கையும் காலும் தாங்காத பாரம் எங்கே போகும்? நேராக முதுகின் அடிக்குப் போகிறது. பல்சரில் பள்ளமோ வேகத்தடையோ வந்தால் நாம் யோசிக்கிறதே இல்லை. முழங்காலால் டேங்கை அணைத்து, மிதியில் காலை ஊன்றி, பிருஷ்டத்தை ஒரு விரற்கடை தூக்கிவிடுவோம். அடி முழங்காலோடு நின்றுவிடும். க்ரூஸரில் அது நடக்காது. மிதி முன்னால் இருப்பதால் ஊன்றி எழ முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார், எப்படி இருக்கிறதென்று தெரியும். ஆக, ஒவ்வொரு வேகத்தடையையும் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ள வேண்டும். பின்பக்க ஷாக் அப்சார்பரை ஆறு படியில் கூட்டிக் குறைக்கலாம். நான் இளக்கமான படியில் வைத்திருக்கிறேன், பரவாயில்லை. இருந்தாலும் எங்கள் தெருமுனையில் யாரோ கையில் கிடைத்த சிமெண்டைக் குவித்துப் போட்டது போல ஒரு வேகத்தடை இருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் அதைப் போட்ட மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் கல்யாண வீட்டில் நீ இடுப்புக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு வந்திருந்தாயே, அது இப்போது எப்படி இருக்கிறது? கடிதத்தில் முழங்காலைப் பற்றி மட்டும்தான் இருந்தது.

அடுத்தது கியர். இதை நீ நிச்சயம் கவனிக்க வேண்டும். ஸ்பிளெண்டரில் முன்பாதத்தால் மிதிக்க மிதிக்க ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மேலே ஏறும், குறைக்கக் குதிகால். மீட்டியாரில் நேர் எதிர். முன்பாதத்தால் அழுத்தினால் கியர் இறங்கும், குதிகாலால் அழுத்தினால் ஏறும். லீவர் இரண்டிலும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் ஆபத்து. என் மச்சினன் "ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கிறேன் அத்தான்" என்று வண்டியை எடுத்தான். அவன் இருபது வருஷ ஸ்பிளெண்டர்காரன். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வண்ணார்பேட்டை ரவுண்டானாவைத் தாண்டி ரோடு விரிந்ததும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக ஸ்பிளெண்டர் பழக்கத்தில் முன்பாதத்தை அழுத்தினான். வண்டி ஒன்றுக்கு இறங்கியது. எஞ்சின் அலறி, பின்சக்கரம் கிறீச்சென்று இழுத்து, என் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் போய் மோதியது. பின்னால் பஸ் எதுவும் இல்லை, பிழைத்தோம். மூளைக்குச் சொல்லிவிடலாம் மாப்ளே, பாதத்துக்குச் சொல்லிப் புரியவைக்க நாளாகும். காலி ரோட்டில் பழகாமல் டவுனுக்குள் இறங்காதே.

எஞ்சினின் குணமும் வேறு. உங்கள் அண்ணனின் யமஹா ஆர்எக்ஸ் 100 ஞாபகம் இருக்கிறதா? 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோ சொச்சம் எடை. முறுக்கினால்தான் அதற்கு உயிர் வரும், முறுக்கிக்கொண்டே இருக்கத் தோன்றும். இது 349 சிசி, 20 குதிரைத்திறன். எண்ணைப் பார்த்து ஏதோ பறக்கும் என்று நினைத்துவிடாதே. வண்டியின் எடையே 191 கிலோ. இதன் பலம் இழுவையில் இருக்கிறது. 27 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. நான்காவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டிருந்து முறுக்கினாலும் முக்கி முனகாமல் எழும். கியரை மாற்றிக்கொண்டே இருக்கும் வேலை இல்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டால் எஞ்சினே பிடித்து வேகத்தைக் குறைக்கும். ஆர்எக்ஸ் 100 அப்படியே வழுக்கிக்கொண்டு போகுமே, அந்தக் கதை இதில் இல்லை. பழைய புல்லட் ரசிகர்களுக்கு மட்டும் இதன் மேல் ஒரு மனக்குறை உண்டு: 2020-ல் வந்த இந்த எஞ்சினில் அதிர்வைச் சமன்செய்ய பேலன்சர் தண்டு வைத்துவிட்டார்களாம், அந்தப் பழைய 'தட்தட்' சத்தமும் அதோடு போய்விட்டதாம். நம் மூட்டும் முதுகும் இருக்கிற நிலையில் அதிர்வு குறைந்ததற்கு நான் அழப்போவதில்லை.

இது எங்கே இனிக்கிறது என்று கேட்டால், நான்குவழிச் சாலையில். அக்காவைப் பார்க்க நாகர்கோவில் போகும்போதெல்லாம் இப்போது பஸ்ஸை நினைப்பதே இல்லை. நாங்குநேரி, வள்ளியூர் தாண்டிக் காவல்கிணறு வரைக்கும் ஐந்தாவது கியரில் எண்பது வைத்தால் போதும். தொண்ணூறைத் தாண்டினால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நெஞ்சில் காற்று வந்து அறையும், கழுத்து வலிக்கும். வண்டியே எண்பதுக்குத் திரும்பிவிடு என்று சொல்லும். காவல்கிணற்றில் நாகர்கோவில் பக்கம் திரும்பினால் முப்பந்தல். அந்தக் காற்று உனக்குத் தெரியாததல்ல, ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து ஆளைத் தள்ளும். சும்மாவா அத்தனை காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். அண்ணன் வண்டியில் அந்த ரோட்டில் போனபோது நாம் பாதி ரோடு நகர்ந்து போனோமே! மீட்டியார் அங்கே லேசாகச் சாய்ந்துகொடுக்கும், அவ்வளவுதான். எடை தாழ்வாக இருக்கிறது, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் 1400 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஸ்பிளெண்டரைவிட ஆறு அங்குலத்துக்கு மேல் அதிகம். அந்த நீளம்தான் நேர்ரோட்டில் வண்டியைத் தடம் மாறாமல் வைக்கிறது. கையை இறுக்கிப் பிடிக்காமல் விட்டால் போதும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் நிறுத்தி, ஒரு சூடம் ஏற்றிவிட்டு, வண்டியைத் திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன்.

நீ வாரா வாரம் ஏறும் மலைப்பாதையை யோசித்தால்தான் எனக்குச் சங்கடம். முந்தல் செக்போஸ்ட்டிலிருந்து போடிமெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவு. நேர்ரோட்டில் உதவி செய்கிற அதே நீளம் அங்கே எதிராகத் திரும்பும். மேலே ஏறும்போது இடது பக்க வளைவு நமக்கு உள்வட்டம், இறுக்கமானது. ஹேண்டிலை முழுக்க ஒடித்தால் இடது கைப்பிடி முழங்காலைத் தொட வரும், ஆக்ஸிலரேட்டர் பிடித்த வலது கை எட்டாத தூரத்துக்கு நீளும். பழகாதவன் கை அந்த நேரத்தில் தானாக முறுக்கும் அல்லது தானாக விடும், இரண்டுமே நல்லதல்ல. வண்டியைச் சாய்த்துத் திருப்பலாம் என்றால் மிதி தாழ்வாக இருப்பதால் சீக்கிரம் தரையில் உரசும். மிதியின் அடியில் ஒரு முளையை அதற்காகவே வைத்திருக்கிறார்கள். அது கரகரவென்று உரசினால் இதற்கு மேல் சாய்க்காதே என்று அர்த்தம். முதல் தடவை கேட்டவனுக்குக் குலை நடுங்கும். மெதுவாக, அரை கிளட்சில், பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, பார்வையை வளைவின் மறுமுனையில் வைத்துத் திருப்பினால் அழகாகத் திரும்பும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் ஜீப்புகள் உனக்கு அந்த அவகாசம் தருமா?

பிரேக்கைப் பற்றி ஒன்று. க்ரூஸரில் பின்சக்கரத்தின் மேல் பாரம் அதிகம், அதனால் பின் பிரேக்குக்கு நாம் பழகிய வண்டிகளைவிட இங்கே மரியாதை அதிகம். சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் இரண்டு சக்கரத்துக்கும் இருக்கிறது. மலை இறக்கத்தில் பிரேக்கை நம்புவதைவிட இரண்டாவது கியரை நம்பு.

அப்புறம் உன் வீட்டு வாசல். தெருவிலிருந்து சாய்தளத்தில் ஏற்றி உள்ளே விடுகிறாய், காலையில் பின்னால் இழுத்து இறக்குகிறாய். 110 கிலோ ஸ்பிளெண்டரை ஒரு கையால் இழுப்பாய். 191 கிலோவை இழுக்கும்போது உன் இடுப்பு பேசும். நான் இப்போது எங்கே நிறுத்தினாலும் மூக்கு வெளியே பார்க்கும்படிதான் நிறுத்துகிறேன். சரிவில் மூக்கைக் கீழே விட்டு நிறுத்திவிட்டால் திருப்பி எடுக்க டீக்கடை ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும். ஏலக்காய் ஏலம் நடக்கும் நாளில் அந்தத் தெருவில் உனக்கு இடம் பார்த்து நிறுத்த முடியுமா என்ன.

உன் தங்கச்சியின் கருத்தையும் எழுதச் சொன்னாள். பின்சீட் அகலம், நல்லது. நான் காசு கூடக் கொடுத்து முதுகுச்சாய்வு வைத்த மாடலாக எடுத்தேன். அவள் சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருகிறவள். அந்தச் சாய்வு அவளுக்கு எந்தப் பக்கமும் உதவாமல் விலாவில் இடிக்கிறது. அதில் இப்போது காய்கறிப் பை தொங்குகிறது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: முழங்கால் மட்டும்தான் தொல்லை, ஓட்டம் முழுக்கத் தேனி, மதுரை ரோடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடு. வாரா வாரம் மலையேறுகிறவன், இடுப்பிலும் வலி இருக்கிறது என்றால் க்ரூஸர் வேண்டாம். பெரிய எஞ்சின்தான் ஆசை என்றால் அதே கம்பெனியின் கிளாசிக் 350 ஒருமுறை ஓட்டிப் பார். எஞ்சின் கிட்டத்தட்ட அதேதான், மிதி அவ்வளவு முன்னால் இல்லை, பள்ளத்தில் ஊன்றி எழலாம். எடை என்னவோ குறையாது, சீட் ஒன்றரை அங்குலம் உயரம். இல்லையென்றால் நிமிர்ந்து உட்காரும் 125 சிசி வண்டி ஒன்றே போதும். நீ அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பாய் என்று தெரியும்.

2002-ல் யமஹா என்டைசர் வந்தபோதும் நீ இப்படித்தான் போஸ்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாய். தோற்றத்தில் க்ரூஸர், உள்ளே 125 சிசி. அன்றைக்கு மாமா பணம் தர மறுத்ததால் தப்பித்தாய். இப்போது பணம் உன் கையில் இருக்கிறது, அதுதான் பயம்.

அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. தீபாவளி முடிந்து இரண்டு நாள் லீவு போட்டு இங்கே வா. வண்டியைத் தருகிறேன், காவல்கிணறு வரை நீயே ஓட்டு. திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டு உள்ரோட்டில் கூட்டி வருகிறேன், பள்ளமும் வேகத்தடையும் போதுமான அளவு இருக்கிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் உன் இடுப்பைக் கேட்டுவிட்டு முடிவு எடு. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. ஏலக்காய் கால் கிலோ போதும், போன தடவை மாதிரி மூட்டை கட்டி வராதே.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்