லெவோசிமெண்டான்: பாதி மட்டும் சொன்ன செய்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், இதயத்தை ஊக்குவிக்கும் லெவோசிமெண்டான் மருந்து 'செப்டிக் ஷாக் நோயாளிகளுக்குப் புதிய நம்பிக்கை' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னைப் புண்படுத்திவிட்டது. தொற்று முற்றி ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும் நிலைதான் செப்டிக் ஷாக்.

இந்த மருந்தைச் செப்டிக் ஷாக்கில் சோதித்து 2016-ல் வெளியான லியோபார்ட்ஸ் ஆய்வை நீங்கள் அறியாதவர் அல்ல. பிரிட்டனில் 516 நோயாளிகள் பங்கேற்றார்கள். வழக்கமான சிகிச்சையோடு இந்த மருந்தை 24 மணி நேரம் ஏற்றியும் உறுப்புகளின் பாதிப்பு குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. மருந்து பெற்றவர்கள் வென்டிலேட்டரிலிருந்து மீளும் வாய்ப்புதான் குறைந்தது. இதயத் துடிப்புக் கோளாறும் அவர்களிடம் கூடுதலாக வந்தது. இதயத் தசையை வலுவாகச் சுருங்க வைக்கும் மருந்து என்கிறீர்கள், சரி. அதே மருந்து ரத்தக் குழாய்களையும் விரிக்குமே! தொற்றினால் குழாய்கள் தளர்ந்து, குழாய்களைச் சுருக்கும் நார்அட்ரினலின் மருந்தின் தயவில் ரத்த அழுத்தம் நிற்கும் நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்? கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 2021-ல் வந்த சர்வதேச செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) சிகிச்சை வழிகாட்டுதலும் இந்த மருந்தைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

என் அண்ணனைச் சிறுநீர்த் தொற்றிலிருந்து வந்த செப்டிக் ஷாக்கில்தான் இழந்தோம். இப்படி ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஐசியூ வாசலில் மருத்துவரிடம் கெஞ்சினோம். அவர் பொறுமையாக மறுத்தார். அவர் செய்தது சரி என்று நான் பிறகு படித்துப் புரிந்துகொண்டேன். அண்ணிக்கு மட்டும் இன்றுவரை ஆறவில்லை. 'அந்த ஊசியைப் போட்டிருந்தால்' என்றே கேட்கிறார். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அன்றிரவே மறுபடி கேட்டார்.

இது முதல் தடவையும் இல்லை. செப்சிஸுக்கு வைட்டமின் சி என்று எவ்வளவு ஆர்வமாக எழுதினீர்கள்! அதைப் பெற்றவர்களின் நிலை மோசமாக இருந்ததாக 2022-ல் ஆய்வு வந்தபோது உங்கள் இதழில் ஒரு பத்திகூட வரவில்லை. 2001-ல் பெரிதாக வரவேற்கப்பட்ட ட்ரோட்ரெகோஜின் ஆல்ஃபா என்ற செப்சிஸ் மருந்து, பயனில்லை என்று 2011-ல் திரும்பப் பெறப்பட்டதும் உங்கள் வாசகர்களுக்கு வந்து சேரவில்லை. அப்போதே கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

ஒரு மருந்து தோற்றதைக் கண்டறிய, சாவின் விளிம்பில் இருந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஆய்வுக்குச் சம்மதித்திருக்கிறார்கள். அந்த முடிவை வெளியிடாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே நினைக்கிறேன்.

அடுத்த இதழில் லியோபார்ட்ஸ் முடிவை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுங்கள். அண்ணியிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி