வேலூரிலிருந்து நாகை கப்பலுக்குச் சைக்கிளில்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாகப்பட்டினம் - இலங்கையின் காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியதிலிருந்து, வேலூரிலிருந்து நாகைக்குச் சைக்கிளில் போக வழி கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். வரைபடச் செயலி காட்டும் நாற்கரச் சாலையை நம்ப வேண்டாம். லாரிகளும் ஓரத்து மணலும் சேர்ந்தால் சைக்கிளுக்கு இடமே இருக்காது.

ஆரணி, சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சிக்கு முதல் நாள். ஏறத்தாழ 95 கி.மீ. மறுநாள் விழுப்புரம், பண்ருட்டி வழியே சிதம்பரம். மூன்றாம் நாள் சீர்காழி, காரைக்கால், நாகை. இந்தக் கடைசி நாளில் மதியத்துக்குமேல் கடற்காற்று எதிரே அடிக்கும். விடியற்காலை 5 மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது.

பஞ்சருக்குப் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்தான் காரணம். நிழலுக்காக வண்டியை மண்ணில் இறக்கும்போதே குத்திவிடும். டியூபை மட்டும் ஒட்டினால் போதாது. டயரின் உட்புறம் துணியை ஓட்டிப் பார்த்தால், ஒடிந்து நிற்கும் முள்முனையில் துணி மாட்டும். அதை எடுக்காவிட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடியும் பஞ்சர். கியர் சைக்கிளுக்கான 700சி அளவு டியூப் ஊர்க்கடைகளில் கிடைப்பது அரிது; கையில் இரண்டு டியூப் வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் கடைப் பம்பு பொருந்தாது, பித்தளை அடாப்டர் ஒன்றும் வேண்டும். விலை சொற்பம், மறந்தால் நடைதான்.

தை, மாசியில் சாலையிலேயே நெல்லும் வைக்கோலும் காயும். அதன்மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும். ஆனாலும் வடகிழக்குப் பருவமழையில் கப்பல் நின்றுபோவதால், அந்த மாதங்களே தேவலை. சைக்கிளை ஏற்றுவதுபற்றி டிக்கெட் எடுக்கும்முன்பே கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட், குடியேற்றச் சோதனை இருப்பதால் முந்தைய நாளே நாகையில் தங்குவது உத்தமம்.

நெடுஞ்சாலைத் துறை ஓரத்து மணலையாவது மாதம் ஒருமுறை அள்ளட்டும்.

- சைக்கிள் ஓட்டிகள் சிலர், வேலூர்